பார்வையைப் பின்தொடர்கிறதா குழந்தை? சோதனையில் சொதப்பும் இடங்கள்

நாம் பார்க்கும் பக்கம் குழந்தையும் திரும்பிப் பார்க்கிறதா என்று சோதிக்க ஏற்பாடு சுலபம்தான். அம்மா மடியில் குழந்தை, எதிரே சோதிப்பவர், இருபுறமும் ஒரே மாதிரி இரண்டு பொம்மை, ஒரு கேமரா. சத்தம் காட்டாமல் ஒரு பொம்மைப் பக்கம் திரும்பி ஆறேழு விநாடி பார்க்க வேண்டும். நாலு முறை செய்தால் முடிந்தது. பிறகு வீடியோவைப் போட்டுப் பார்க்கும்போதுதான் வயிறு எரியும். பாதி தேறாது.

முதல் குற்றவாளி மடி. பொம்மை இருக்கும் பக்கம் அம்மா தன்னையறியாமல் லேசாகச் சாய்வார், குழந்தையும் கூடவே திரும்பும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். அடுத்தது ஜன்னல். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் அடித்தால் எல்லாக் குழந்தையும் அங்கேதான் பார்க்கும். அதனால் சரியாகத் திரும்பியதை மட்டும் எண்ணாதீர்கள், தப்பாகத் திரும்பியதைக் கழியுங்கள். எண்ணுகிறவருக்குச் சோதிப்பவர் எந்தப் பக்கம் பார்த்தார் என்பது தெரியவே கூடாது.

திரும்புமுன் குழந்தையின் கண்ணைப் பார்த்துச் சிரிக்க மறந்தால் அந்த முறை வீண். கண்ணோடு கண் பார்த்த பிறகோ, கொஞ்சுகிற குரலில் கூப்பிட்ட பிறகோதான் 6 மாதக் குழந்தைகள் பார்வையைத் தொடர்ந்தன என்று ஆய்வாளர்கள் சென்ஜுவும் சிப்ராவும் 2008-ல் காட்டினார்கள்.

பெரிய ஏமாற்றம் தலைதான். 9 மாதக் குழந்தை அழகாகத் திரும்பும், நாமும் பூரித்துப் போவோம். கண்ணை மூடிக்கொண்டு வெறும் தலையைத் திருப்பிப் பாருங்கள், அப்போதும் திரும்பும்! ஆய்வாளர்கள் ப்ரூக்ஸும் மெல்ட்சாஃபும் 2005-ல் இதைத்தான் கண்டார்கள். மூடிய கண், திறந்த கண் என்ற வித்தியாசம் 10, 11 மாதத்தில்தான் தெரிந்தது. ஆகவே கண் மூடிய சுற்று ஒன்று இல்லாமல் ‘பார்வையைப் பின்தொடர்ந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். தலையை அசைக்காமல் விழியை மட்டும் ஓட்டினால், ஒரு வயதுக் குழந்தைகூடப் பெரும்பாலும் நம் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரே பக்கம் இரண்டு பொம்மை வேண்டாம். 6 மாதக் குழந்தை வழியில் முதலில் தட்டுப்படுவதிலேயே நின்றுவிடும். குழந்தையின் முதுகுக்குப் பின்னால் வைப்பதும் வேலைக்காகாது, ஏறக்குறைய 18 மாதம் வரை காத்திருக்க வேண்டும்.

கேமராவை மட்டும் அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். பொம்மையைப் பார்த்த குழந்தை சட்டென்று திரும்பி, ‘அதைத்தானே பார்க்கிறாய்?’ என்பதுபோல் நம் முகத்தைப் பார்க்கும். பல வீடியோக்களில் வெட்டுப்பட்டுப் போவது அந்த ஒரு விநாடிதான்.