ஒலிப்பதிவில் என் குரல்

“ஏன் இன்னும் இறங்கத் தொடங்கவில்லை?” என்று 627ஆம் எண் விமானத்தைக் கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன். “எங்களுக்கு இன்னும் அனுமதி வரவில்லையே” என்றார் விமானி. வயிறு கலங்கியது. இறங்கச் சொன்னது உண்மை. ஆனால் 672ஐச் சொல்லியிருக்கிறேன்.

வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் அப்போது எனக்கு ஒன்பது ஆண்டு அனுபவம். ஜூன் மாத மாலை. பருவமழை மேகங்களுக்கு ஒதுங்கிப் போக, இடப்பக்கம் பத்து மைல், வலப்பக்கம் இருபது மைல் என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே நிறுவனத்தின் 627உம் 672உம் என் திரையில் இருந்தன. 627 தரையிறங்க வேண்டியது. 672, 36,000 அடியில் நேரே போக வேண்டியது. அதன் பாதையைக் குறுக்காக வெட்டி, 35,000 அடியில் இன்னொரு விமானம் வந்துகொண்டிருந்தது. உயரத்தில் 1,000 அடி, இல்லாவிட்டால் பக்கவாட்டில் ஐந்து கடல் மைல்: இரண்டில் ஒன்று எப்போதும் இருந்தாக வேண்டும். நான் இரண்டையும் கோட்டைவிட்டேன்.

திரையில் இரு விமானங்களின் குறிகளும் சிவந்து எச்சரிக்கை ஒலித்தது. நான் வாய் திறப்பதற்குள் 672 விமானி “டிகாஸ் ஆர்ஏ” என்றார். விமானத்திலேயே இருக்கும் மோதல் தவிர்ப்புக் கருவி ஆணையிடத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரு விமானங்களின் கருவிகளும் தங்களுக்குள் பேசி, ஒன்றை ஏறச் சொல்லும், மற்றதை இறங்கச் சொல்லும். அதன் பிறகு நாங்கள் “ரோஜர்” என்று சொல்லிவிட்டு, ஆபத்து விலகியதாக விமானி சொல்லும்வரை வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த விதியைப் புதியவர்களுக்குப் பாடமாக எடுத்தவனே நான்தான். 2001 ஜனவரி 31 அன்று ஜப்பானின் யாய்சு அருகே, பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டாளர் ஒருவர் 958க்குச் சொல்ல வேண்டியதை 907க்குச் சொல்லிவிட்டார். கருவி 907ஐ ஏறச் சொன்னது; விமானியோ கட்டுப்பாட்டாளர் சொன்னபடி இறங்கினார். கடைசி நொடியில் விலகியதில் உள்ளே இருந்தவர்களில் சுமார் 100 பேருக்குக் காயம். அடுத்த ஆண்டு ஜூலை 1 அன்று ஜெர்மனியின் யூபர்லிங்கன் மீது இதே முரண்பாடு 71 உயிர்களைக் கொண்டுபோனது. இவ்வளவும் தெரிந்திருந்தும், “உடனே இடப்பக்கம் திரும்புங்கள்” என்று சொல்ல நாக்கு துடித்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மிக நெருங்கியபோது இடைவெளி 1.8 கடல் மைல், 400 அடி. 672 திரும்ப மேலேறியது. பயணிகளில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும் என்று பிறகு நினைத்துப் பார்த்ததுண்டு.

இரண்டு நிமிடத்தில் என் இருக்கையில் வேறொருவர் அமர்ந்தார். ரேடார் பதிவும் ஒலிப்பதிவும் பத்திரப்படுத்தப்பட்டன. நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். மறுநாள் பணிப் பட்டியலில் என் பெயர் இல்லை. வீட்டில் அம்மா, “யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, பிறகு எதற்குப்பா விசாரணை?” என்று தினமும் கேட்டார். ஜப்பானில் பயிற்சியில் இருந்த அந்தக் கட்டுப்பாட்டாளரையும் அவருடைய மேற்பார்வையாளரையும் குற்றவாளிகள் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் வரை உறுதி செய்தார்கள் என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? இரவில் அது மட்டுமே நினைவுக்கு வந்தது.

விசாரணையில் மூன்று பேர். கடுமையாக யாரும் பேசவில்லை. ஒலிப்பதிவைப் போட்டார்கள். என் நினைவில் நான் 627 என்றுதான் சொல்லியிருந்தேன். சத்தியம் செய்யவும் தயாராக இருந்தேன். காதில் விழுந்ததோ 672. உளறல் இல்லை, தடுமாற்றம் இல்லை. புதியவர்களுக்கு மாதிரியாகப் போட்டுக் காட்டலாம் போல அவ்வளவு தெளிவான உச்சரிப்பு! விமானி தன் எண்ணோடு ஆணையைத் திருப்பிச் சொல்கிறார்; அதைக் கேட்டு நான் சரியென்கிறேன். பிழையைப் பிடிப்பதற்கென்றே இருக்கிற படி அது. நான் எதிர்பார்த்த எண் என் காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். “இன்னொரு முறை போடட்டுமா?” என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். போட்டார்.

தவறு கட்டுப்பாட்டாளருடையது என்று அறிக்கை தெளிவாகவே சொன்னது. ஒலியில் ஒத்த எண்களையும், ஒருவர் தலையில் இருந்த பணிச்சுமையையும் சேர்த்தே குறிப்பிட்டிருந்தார்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்ததா என்றால், சரியாகச் சொல்லத் தெரியவில்லை. 672க்கு வேறு எண் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு வகுப்பு, சிமுலேட்டர், மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க உண்மையான திரை, கடைசியில் தேர்வு. சிமுலேட்டரில் ஒத்த எண்களாகவே பொறுக்கிக் கொடுத்து வறுத்தெடுத்தார்கள். அது நியாயம். சங்கடமாக இருந்தது வேறொன்று: நான் பழக்கிய பையன்கள் தேநீர் அறையில் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். மேற்பார்வையாளர் மட்டும் ஒரு நாள் அருகில் வந்து உட்கார்ந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் தமக்கு நடந்ததைச் சொன்னார். அதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம்.

மூன்று மாதம் கழித்து மீண்டும் தனியாக அமர்ந்த முதல் மாலையிலேயே 627 வந்தது. எண்ணை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லி இறக்கினேன். விமானி சரியாகத் திருப்பிச் சொன்னார். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். ஒரு கணம் அமைதி. பிறகு பொறுமையாக, ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார்.