சோபாவுக்குச் சாய்பலகை: மூன்றாம் முறையில் சரிவந்தது

சோபா இருக்கையின் உயரம் 50 செ.மீ. ஏறவேண்டியது 9 கிலோ டாக்ஸ்ஹண்ட் நாய். நீண்ட முதுகு, குட்டைக் கால். முதுகெலும்புத் தட்டு பிதுங்கும் தொல்லை இந்த இனத்தில் அதிகம். தாவி ஏறுவதைவிடக் குதித்து இறங்குவதில்தான் அடி பலமாக விழும். உடம்பின் வேகம் முழுவதையும் முன்னங்கால்கள் தாங்கியாக வேண்டும். ஆகவே இறக்கத்தை வைத்து அளந்திருக்க வேண்டும். முதலில் அளந்தது ஏற்றத்தை வைத்து.

முதல் பலகை 12 மி.மீ. பிளைவுட், நீளம் 100, அகலம் 30 செ.மீ. சாய்வு 30 டிகிரி. பிஸ்கட்டைக் காட்டினால் விறுவிறுவென்று ஏறியது. மேலே போய்த் திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஒரு முன்னங்காலை வைத்தது, எடுத்தது, பிறகு பக்கவாட்டில் குதித்தது. அதாவது பலகை இருந்தும் பயனில்லை.

இரண்டாவதில் சாய்வை 20 டிகிரிக்குக் குறைத்தோம். கணக்கு எளிது: உயரத்தை 2.9-ஆல் பெருக்கினால் பலகை நீளம். 50 செ.மீ. சோபாவுக்கு ஏறக்குறைய 146, 55 செ.மீ. கட்டிலுக்கு 160. இடமில்லாதவர்கள் 25 டிகிரி வரை போகலாம், பெருக்க வேண்டியது 2.4. அதற்கு மேல் செங்குத்தாகப் போனால் முதல் பலகையின் கதைதான்.

நீளம் கூடியதும் பலகை நடுவில் தொய்ந்து, ஒவ்வொரு அடிக்கும் அதிர்ந்தது. காலடியில் ஆடும் எதையும் நாய் நம்பாது. ஒருமுறை மிரண்டால் மறுபடி பழக்கப் பல நாள் ஆகும். அடியில் நீளவாக்கில் 5 × 2.5 செ.மீ. ரீப்பர் (மரச்சட்டம்) இரண்டு கொடுத்ததும் அதிர்வு நின்றது. ரீப்பரைப் படுக்கவைக்காமல் நிமிர்த்திப் பொருத்த வேண்டும். அதே கட்டை நான்கு மடங்கு விறைப்பாக நிற்கும். 20 செ.மீ.க்கு ஒரு 4 செ.மீ. ஸ்க்ரூ. முன்கூட்டியே மெல்லிய துளை போடாவிட்டால் ரீப்பர் பிளந்துவிடும். ஸ்க்ரூவின் தலை பலகைக்குள் அமிழ வேண்டும். கீழ்முனையில் ரீப்பரை 14 செ.மீ. நீளத்துக்குச் சரிவாக அறுத்தால் தரையோடு படியும். அந்த வெட்டில் ரப்பர் ஷீட் ஒட்டினால் வழுக்காது.

மூன்றாவதில் அகலம் 40 ஆனது. பலகையைச் சோபாவுக்கு நேராக நீட்டினால் அறைக்குள் 137 செ.மீ. துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே சோபாவை ஒட்டி நீளவாக்கில் போட்டு, மேல்முனையில் 50 செ.மீ. சதுரத்தில் நான்கு கால் மேடை, பலகைக்கும் மேடைக்கும் இடையே இரண்டு கீல். நீண்ட முதுகுக்காரர் வளையாமல் திரும்ப அந்த இடம் வேண்டும். திறந்திருக்கும் பக்கம் 6 செ.மீ. உயர விளிம்புக் கட்டை.

பலகைமேல் ஒட்டும் கம்பளத்தில் ஒரு எச்சரிக்கை. நூல் வளையம் வளையமாக இருக்கும் வகையில் நகம் மாட்டும், மாட்டியதும் பதறி இழுக்கும். நூல்நுனி வெட்டிய குட்டை வகைதான் சரி. ஓரத்தை மடித்து அடிப்பக்கம் பின் அடிக்க வேண்டும். மேல்புறத்தில் ஒரு பின்கூட இருக்கக் கூடாது.

பழக்குவது இப்படி: முதல் இரண்டு நாள் பலகையைத் தரையில் தட்டையாகப் போட்டு நடக்கவிடுவது, பிறகு ஒரு முனையை 10 செ.மீ. உயர்த்துவது, பிறகு முழு உயரம். இறக்கத்தைத் தலைகீழாகத் தொடங்க வேண்டும்: முதலில் கடைசி இரண்டு அடியில் மட்டும் நிறுத்தி இறங்கவிடுவது, நாளுக்கு நாள் கொஞ்சம் மேலே. தீனியைக் கையில் நீட்டினால் தலையைத் தூக்கிக்கொண்டு தடுமாறும். பலகையிலேயே 20 செ.மீ.க்கு ஒன்றாக வைத்தால் தலை தாழும், நடை நிதானமாகும். பிடிமானத்துக்கு மார்புப்பட்டை போடலாம்; கழுத்துப்பட்டை வேண்டாம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும்.

வீட்டு மாடிப்படிக்கு இவ்வளவு வேலை இல்லை. படிக்குப் படி வழுக்காத விரிப்பு, விரலிடுக்கில் வளரும் முடியை வெட்டுவது, ஆள் இல்லாத நேரத்தில் மேலும் கீழும் கதவு. வயதான பூனைக்கு 15 செ.மீ. உயரப் படிப்பெட்டியே போதும்; சாய்பலகையைச் சீந்தாத பூனைகளும் உண்டு.

பின்னங்கால் தள்ளாடினாலோ, ஏறிக்கொண்டிருந்தது திடீரென மறுத்தாலோ பலகையில் பிழை தேடிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தீராத பாக்கி ஒன்று: அழைப்பு மணி அடித்தால் இன்னும் சோபாவின் முன்பக்கமாகவே பாய்கிறது. இப்போதைக்கு அந்த இடத்தில் தடித்த மெத்தை ஒன்று கிடக்கிறது.