கடப்பாரை நின்ற இடம்: சியாட்டில் பக்கத்துச் சரளைக் காட்டுமண்ணைத் தோண்டிப் பார்த்தது

அமெரிக்க வேளாண் துறை இணையத்தில் வைத்திருக்கும் மண் வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் முகவரியைப் போட்டுப் பார்க்கலாம். சம்மாமிஷ் மேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போட்டால், பின்பக்கக் காட்டுச் சரிவு முழுக்க ஒரே பெயர்தான் வருகிறது: ஆல்டர்வுட் வகை, சரளை கலந்த மணற்பாங்கான கலப்பு மண், 8 முதல் 15 சதவீதச் சரிவு. சரளை, மணல், சரிவு மூன்றும் சேர்ந்த இடத்தில் தண்ணீர் நிற்கவே கூடாது. ஆனால் ஜனவரியில் அங்கே நடந்தால் ஷூ சொதசொதவென்று உள்ளே போகும். ஏன் என்று பார்க்கத்தான் குழி தோண்டினேன்.

இங்கே தோண்டுவதற்கு முன்னால் 811-க்கு போன் செய்யவேண்டும். ஆள் வந்து கேஸ் குழாயும் மின்கம்பியும் போகும் இடத்தில் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள், காசு கிடையாது. பொதுப் பூங்காக்களில் தோண்ட அனுமதி இல்லை என்பதால் எல்லாம் சொந்த நிலத்தில்தான்.

மேலே நான்கு விரல் கனத்துக்கு ஊசியிலை மட்கு. கையால் பாய்போலச் சுருட்டி எடுத்துவிடலாம். அடிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பூஞ்சை இழைகள். அதற்குக் கீழே செம்பழுப்பு மண், பொலபொலவென்று உதிர்கிறது, மண்வெட்டி போடும் இடத்திலெல்லாம் கல். முக்கால் மீட்டர் ஆழத்தில் நிறம் சட்டென்று சாம்பலாக மாறியது. அங்கே கடப்பாரையை ஓங்கி இறக்கினால் கை அதிர்கிறது, நுனி ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

முதலில் கல்லை அளந்தேன். செம்பழுப்பு அடுக்கில் ஒரு சின்னப் பள்ளம் எடுத்து, அதற்குள் பிளாஸ்டிக் தாள் விரித்து, தண்ணீர் ஊற்றிக் கொள்ளளவு பார்த்தேன்: 10 லிட்டர். எடுத்த மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மேலே தங்கிய கற்களை வாளித் தண்ணீரில் போட்டதில் 2.6 லிட்டர் நீர் வழிந்தது. அதாவது கன அளவில் 26 சதவீதம். 15 முதல் 35 வரை இருந்தால் சரளை மண், 35 முதல் 60 வரை மிகுசரளை என்பது அமெரிக்க மண் அளவைக் கணக்கு. வரைபடம் சொன்னது சரிதான். இதையே எடையில் பார்த்தால் கிட்டத்தட்டப் பாதி கல்லாக வருகிறது. காட்டுமண் அவ்வளவு லேசு, கல் அவ்வளவு கனம். யாராவது சரளை இத்தனை சதவீதம் என்று சொன்னால் எடையா, கன அளவா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சலித்த மண்ணை ஜாடியில் போட்டுக் குலுக்கி வைத்ததில் பெரும்பகுதி ஒரு நிமிடத்துக்குள் மணலாகக் கீழே உட்கார்ந்துவிட்டது. களி மிகவும் குறைவு. ஈரமாகப் பிசைந்து கட்டைவிரலால் பட்டையாகத் தள்ளினால் ஒடிந்து விழுகிறது.

இந்தக் கல்லும் மணலும் ஓடைத் தண்ணீர் கொண்டுவந்து போட்டவை இல்லை. சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன்னால் கனடாப் பக்கமிருந்து இறங்கிய பனியாறு பியூஜெட் சவுண்ட் என்ற கடற்கழியைச் சுற்றிய தாழ்நிலத்தை நிரப்பி, தெற்கே ஒலிம்பியா நகரைத் தாண்டிப் போனது. இன்றைய சியாட்டில் இருக்கும் இடத்தில் பனியின் கனம் ஏறத்தாழ 900 மீட்டர். ஓடும் தண்ணீர் கல்லையும் மணலையும் சலித்துப் பிரித்துப் போடும். பனிக்கு அந்தப் பொறுமை கிடையாது, மாவிலிருந்து பாறாங்கல் வரை ஒன்றாகக் கலந்து அப்பிவிடும். இந்தக் கலவைக்கு டில் என்று பெயர், இந்தப் பகுதியில் இருப்பதை வாஷான் டில் என்கிறார்கள். பனிக்கு அடியில் நசுங்கியதுதான் கடப்பாரையை நிறுத்திய சாம்பல் தரை. மேலே இருக்கும் செம்பழுப்பு மண்ணும் பெரும்பாலும் அதே சரக்குதான். பனி போனபின் வேர், புழு, உறைபனி, மழை எல்லாம் சேர்ந்து அதைத் தளர்த்தியிருக்கின்றன, இரும்பு துருவேறி நிறம் மாறியிருக்கிறது. கழுவிய கற்களில் வெள்ளையும் கறுப்பும் புள்ளியிட்ட கிரானைட் நிறைய. வடக்கே பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளிலிருந்து வந்தவை அவை. சிலவற்றில் பனி இழுத்த கீறல்கள் நகத்தில் தட்டுப்படுகின்றன.

சாம்பல் தரை வெறும் அழுத்தத்தால் கெட்டியானதா, அல்லது சிமென்ட் போல ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அதற்குச் சோதனை சுலபம். ஒரு கட்டியை நன்றாக உலரவைத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட வேண்டும். ஒட்டியிருந்தால் அப்படியே கிடக்கும். என்னுடையது குமிழி விட்டு, காபி குடித்து முடிப்பதற்குள் சேறாகச் சரிந்துவிட்டது. கடப்பாரைக்கு அசையாதது டம்ளர் தண்ணீரில் கரைகிறது! பழைய வகைப்பாட்டில் ஆல்டர்வுட்டைச் சிலிக்காவால் இறுகிய மண்களோடு சேர்த்திருந்தார்கள், பின்னால் மாற்றிவிட்டார்கள். டம்ளரைப் பார்த்தபோது மாற்றியது நியாயம் என்றுதான் பட்டது.

அந்தச் சாம்பல் தரைக்குச் சற்று மேலே துருநிறத் திட்டுகளும் சாம்பல் திட்டுகளும் மாறிமாறி இருந்தன. வருடாவருடம் சில மாதம் தண்ணீர் நின்று வடிந்ததற்கு அடையாளம் அது. அதை நேரில் பார்க்க, ஓட்டை போட்ட பிவிசி குழாய் ஒன்றைச் சாம்பல் தரை வரை இறக்கி மண்ணைப் போட்டு மூடிவிட்டேன். ஆகஸ்டில் உள்ளே தூசிதான். அக்டோபர் மழைக்கும் ஒன்றுமில்லை, காய்ந்த மண் எல்லாவற்றையும் குடித்துவிட்டது. நவம்பர் கடைசியில் அடியில் ஈரம், டிசம்பரில் சாம்பல் தரைக்கு மேல் 40 செ.மீ. தண்ணீர். அவ்வளவு மழையிலும் காட்டின் மேற்பரப்பில் தண்ணீர் ஓடவில்லை. மட்கு வழியாக இறங்கி, தரையைத் தொட்டு, சரிவோடு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருக்கிறது. கீழே சாலைக்காக மேட்டை வெட்டிய இடத்தில் அது ஊற்றாகக் கசிவதையும், மேலே பழுப்பு கீழே சாம்பல் என்ற கோட்டையும் காரில் போகும்போதே பார்க்கலாம்.

மரங்களும் இதையேதான் சொல்கின்றன. 2024 நவம்பர் 19 இரவு வீசிய கிழக்குக் காற்றில் இந்தப் பக்கம் ஏராளமான மரங்கள் சாய்ந்தன, எங்களுக்கு நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. சாய்ந்த ஃபிர் மரங்களின் வேர்த்தட்டுகள் ஆளுயரத்துக்கு மேல் நின்றன, ஆனால் கனம் ஒரு மீட்டர்கூட இல்லை. அடிப்பக்கம் மட்டமாக அறுத்து வைத்தது போல. வேர்கள் சாம்பல் தரையைத் தொட்டதும் மடங்கி, அதன்மேலேயே பாயாகப் படர்ந்திருக்கின்றன. காற்றும் ஈரமண்ணும் ஒரே பருவத்தில் சேர்ந்து வருவதுதான் இந்த மரங்களுக்கு ஆபத்து. கோடையில் நேர் எதிர்ப் பிரச்சினை. முக்கால் மீட்டர் மண்ணில் கால்பங்குக்கு மேல் கல் போனால், நீர் பிடிக்க மிச்சமிருப்பது 55 செ.மீ. மண்தான். ஜூலை, ஆகஸ்டில் மழை ஏறக்குறைய கிடையாது. பெரணிகள் தலை தொங்கிவிடுகின்றன.

1917 வாக்கில், வடக்கே ஆல்டர்வுட் மேனர் என்ற ஊரில் மர நிறுவனம் ஒன்று காட்டை வெட்டிய அடிக்கட்டை நிலத்தை 5 ஏக்கர் துண்டுகளாக விற்றது. வாங்கியவர்களில் பலர் கோழி வளர்ப்பில் இறங்கினார்கள். இந்த மண்ணில் மண்வெட்டி பிடித்தபிறகு கோழிக்கு ஓட்டுப் போட எனக்கும் தயக்கமில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் நண்பனின் தோட்டத்தில் இன்னொரு குழாய் இறக்கினேன். “மச்சான், கல்லைத் தோண்டித் தண்ணி தேடுறியா?” என்று கேட்டுக்கொண்டே மண் அள்ளிப்போட்டான். அவன் இடம் எவரெட் வகை. உருகிய பனிநீர் அடித்துவந்து போட்ட சரளை, உருண்டையான கற்கள், கல்லின் பங்கு என்னுடையதைப் போல இருமடங்கு, அடியில் சாம்பல் தரை கிடையாது. டிசம்பரில் என் குழாயில் 40 செ.மீ. நின்ற அதே வாரம் அவன் குழாய் காலி. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன், மூடியைத் திருகி மூடுவதற்குள் போய்விட்டது. தோட்டம் போடுபவர்கள் கல்லைப் பார்த்து வடிகாலை முடிவு செய்வதைவிட, கடப்பாரை எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பார்ப்பது மேல்.

அடுத்துப் பார்க்கப்போவது பக்கத்து ஊரான இசக்வாவை ஒட்டிய மலைகள். அங்கே வரைபடத்தில் பியூசைட் என்ற வகை வருகிறது; மேலே அதே சரளை மண், அடியில் டில்லுக்குப் பதில் மணற்பாறை. குழி போட முடியாது, பாதை வெட்டிய ஓரங்களையும் சாய்ந்த மரங்களையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சல்லடையும் டம்ளரும் பையில் ஏறியாகிவிட்டது.