பிசாவ் கொட்டைக் கணக்கு

தூத்துக்குடியில் முந்திரிக்கொட்டை இறக்குமதி செய்பவர்களிடம் பிசாவ் சரக்கு என்றாலே தனி மரியாதை. 80 கிலோ மூட்டையை உடைத்தால் 50 பவுண்டுக்கு மேல் பருப்பு தேறும். அந்தச் சரக்கைச் சோதித்து வாங்குவதற்காக ஒரு சீசன் முழுக்க மேற்கு ஆப்பிரிக்க நாடான கினி-பிசாவில் இருந்தேன். மூட்டையில் குத்தூசி விட்டு ஒரு கிலோ மாதிரி எடுத்து, ஒவ்வொரு கொட்டையாக வெட்டிப் பார்க்க வேண்டும். அதில் 290 கிராம் நல்ல பருப்பு வந்தால் மூட்டைக்கு 51 பவுண்டு என்று கணக்கு. கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் பால் பட்டு விரல் தோல் உரிந்துவிடும்.

ஒரு நாட்டுக்கு ஏற்றுமதி, இறக்குமதி போன்றவற்றால் வரும் பணத்தையும் போகும் பணத்தையும் ஒப்பிடும் நடப்புக் கணக்கு என்பது எனக்குப் புரிந்தது ஒரு கிராமத்துக் கடை வாசலில்தான். ஒரு பாட்டி தலைச்சுமையாகக் கொட்டை கொண்டுவந்து போட்டார். கடைக்காரர் பணம் கொடுக்கவில்லை, அரிசி அளந்து போட்டார். கொட்டை கப்பலேறி வெளியே போகும். அரிசி கப்பலில் வந்து இறங்கியது. ஏற்றுமதியும் இறக்குமதியும் ஒரே தராசில்! நல்ல வருஷத்தில் ஒரு கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ அரிசி. விலை சரிந்தால் அதே அரிசிக்கு இரண்டு, மூன்று கிலோ கொட்டை போட வேண்டியிருக்கும்.

சுமார் 20 லட்சம் பேர் வாழும் நாடு. சரக்கு ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு இந்த ஒரே கொட்டையிலிருந்து வருகிறது. அரிசி, பெட்ரோல், சிமென்ட் எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். போர்ச்சுகலில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் கொஞ்சம் தாங்குகிறது. பொருளாதாரம் சிறியது என்பதால், கொட்டை விலை சற்று இறங்கினாலும் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை ஜிடிபியில் பெரிய சதவீதமாகத் தெரியும். நாணய மதிப்பைக் குறைத்துச் சமாளிக்கவும் வழியில்லை. 1997 முதல் அங்கே மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் சில சேர்ந்து பயன்படுத்தும் சிஎஃப்ஏ பிராங்க்தான் நாணயம். ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டிவைத்தது.

விலையை அரசு ஏற்றிவிட்டால் தீர்ந்துவிடுமா? 2018-ல் கிலோவுக்கு 1,000 பிராங்க் என்று அறிவித்தார்கள். வாங்குகிறவர்கள் தயங்கினார்கள், சரக்கு தேங்கியது. மழை பிடித்துக்கொண்டால் தேங்கிய மூட்டையில் ஈரம் ஏறிப் பருப்பு கறுத்துவிடும். அந்தக் கறுப்பை வெட்டிப் பார்த்துத் தரத்தைக் குறைத்து எழுதுவது என்னைப் போன்ற ஆள்தான். விளைவித்தவருக்கு அங்கேயே விலை இறங்கும்.

எனக்கு ஆற்றாமை எதில் என்றால், கொட்டை ஓடு உடையாமலே கப்பலேறுவதில்தான். உடைத்து, தோலுரித்து, தரம் பிரிக்கும் கூலியும் லாபமும் இந்தியாவிலும் வியட்நாமிலும் சேர்கின்றன. பிசாவில் உடைக்கும் ஆலைகள் சில உண்டு. விளைச்சலில் அவை தொடுவது சொற்பம். மின்சாரம் நிலையில்லை, கடன் கிடைப்பதில்லை என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள்.

இப்போது அந்த நாட்டின் பற்றாக்குறைச் சதவீதத்தை எங்கே பார்த்தாலும், அந்த வருஷம் கிராமத்தில் கொட்டை என்ன விலைக்குப் போனது என்றுதான் முதலில் தேடுகிறேன். அந்தப் பாட்டி அன்று அரிசியை முந்தானையில் கொட்டச் சொல்லவில்லை. கடைக்காரரின் படியைத் தானே வாங்கி, மறுபடி ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுத்தான் மூட்டை கட்டினார்.