நாலு மணிக்கு எழுகிறவனின் தைராய்டு மாத்திரை

எனக்குத் தைராய்டு சுரப்பு குறைவு என்பது கொழுப்புப் பரிசோதனையில்தான் பிடிபட்டது. பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எண்ணெய்ப் பலகாரம் பக்கம் அதிகம் போகாத ஆள். கெட்ட கொழுப்பு ஏகத்துக்கும் ஏறியிருந்ததைப் பார்த்த டாக்டர் உடனே மாத்திரை எழுதவில்லை. தைராய்டு குறைந்தாலும் கொழுப்பு ஏறுமாம். "மலச்சிக்கல் இருக்கா? குளிர் தாங்குதா? குரல் எப்பவுமே இப்படிக் கட்டின மாதிரிதானா?" என்று கேட்டார். மார்கழிப் பனியில் எங்கள் பக்கம் எல்லோரும்தான் நடுங்குவார்கள். நான் பங்குனியிலும் ஸ்வெட்டரோடு மண்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறுகிற டி.எஸ்.எச். ஹார்மோன் 38 வந்தது. நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டியது. தைராய்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் ஆன்டி டி.பி.ஓ.வும் அதிகம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குகிறதாம். ஹாஷிமோட்டோ என்று பெயர். "அயோடின் உப்பு சேர்த்தா சரியாயிடும்" என்ற சொந்தக்காரர்கள் பேச்சு இதோடு அடங்கியது. கடை உப்பில் அயோடின் ஏற்கனவே இருக்கிறது. இந்த வகைக்கு அதற்கு மேல் அள்ளிப் போட்டால் கெடுதல்கூட ஆகலாம்.

மாத்திரை லெவோதைராக்சின், 50 மைக்ரோகிராமில் தொடக்கம். வெறும் வயிற்றில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை தண்ணீர் தவிர எதுவும் கூடாது. எனக்கு இதில்தான் சிக்கல். நாலு மணிக்கு எழுந்து ஓடுகிறவன். மண்டிக்குள் நுழைந்ததும் கையில் டீ வந்துவிடும். வேண்டாம் என்றால், விலையில் ஏதோ மனத்தாங்கல் என்று விவசாயி நினைத்துக்கொள்வார். இதை டாக்டரிடம் சொன்னேன். ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்றார். ஏழு மணிக்கு. "அப்போ பத்து மணிக்குப் படுக்கும்போது போடுங்க. சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆகியிருக்கணும், அவ்வளவுதான்." காலையில் மட்டும்தான் போடணும் என்று பலரும் சாதிப்பதால் இதைச் சொல்கிறேன்; உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளலாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு மட்டும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். ராத்திரி போட்டுக்கொண்டிருந்த என் கால்சியம் மதியச் சாப்பாட்டுக்கு நகர்ந்தது.

அப்புறம் காத்திருப்பு. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும். அதனால் அளவை மாற்றினால் ஆறு வாரமாவது போகாமல் டெஸ்ட் எடுத்துப் பிரயோஜனமில்லை. வீட்டிலோ இரண்டாம் வாரமே "என்னங்க, ஒரு தெளிச்சியும் காணோமே" என்று ஆரம்பித்துவிட்டார்கள். 75, பிறகு 100 என்று ஏறி அங்கே நின்றது. முதலில் வயிறு சரியானது. குரல் தெளிய மாதங்கள் ஆயின. கொழுப்பு தனி மருந்தில்லாமலே இறங்கியது. எடைதான் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் அசையவில்லை. இது இளைக்க வைக்கிற மாத்திரை இல்லை.

முட்டைக்கோஸை விடு, களியை விடு என்றும் சிலர் சொன்னார்கள். வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிடத் தடையில்லை என்றார் டாக்டர். நல்லவேளை! தர்மபுரிக்காரனிடம் களியை விடச் சொன்னால் மாத்திரையைத்தான் விடுவான்.

மெடிக்கலில் ஒருமுறை வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். டாக்டர் அப்படி விடவில்லை. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார். இப்போது ஒரே கம்பெனி, வருஷத்துக்கு ஒரு டெஸ்ட். குடும்பத்தில் மற்றவர்களுக்கும் வர வாய்ப்பு உண்டு என்பதால் தங்கையையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தக்காளி பறிப்பு முடியட்டும் என்கிறாள்.