பழைய தமிழ் நேசன் தேடுறவங்களுக்கு, கோலாலம்பூர்ல நான் பட்ட பாடு

1941ல மலாயாவுல நடந்த கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பத்தி எழுதணும்னு பழைய தமிழ் நேசன் தேடி அலைஞ்சேன். ஏன் நேசன்னா, அந்தப் போராட்டத்த முன்ன நின்னு நடத்துன ஆர்.எச்.நாதன் அந்தப் பத்திரிகைல வேல செஞ்சவரு. 1924ல தொடங்குன பத்திரிகை, 2019 ஜனவரியோட மூடியாச்சு, இனி எந்த ஆபீஸ்ல போய்க் கேக்குறது?

ஒரு லைப்ரரி கவுண்டர்ல, கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு "தாக் அடா"ன்னு, அதாவது இல்லன்னு, ஒரே பதில். வீட்டுக்கு வந்து அவங்க கேட்டலாக்ல நானே தேடுனா இருக்கு! பேர இங்கிலீஷ் எழுத்துல அடிக்கும்போது நேசன்ல வர்ற ச-வுக்கு எஸ் (s) போட்டா வராது, கேட்டலாக் முறைப்படி சி (c) போடணுமாம். கவுண்டர்ல இருக்கறவங்களுக்கு இது எங்க தெரியப்போகுது, அதனால ரெண்டு மாதிரியும் எழுதி கையோட கொண்டு போங்க.

பழைய இதழெல்லாம் மைக்ரோபிலிம் ரீல்ல படமாத்தான் இருக்கு. ஆனா ரீல எடுத்து மெஷின்ல மாட்டுறதுக்கு முன்னாடி தேதி தெரியணும், இல்லன்னா கண்ணு போயிரும். கருப்புல வெள்ள எழுத்து, சில பக்கம் மடிப்போடயே படம் புடிச்சு வச்சிருக்காங்க, சுத்தச் சுத்த தலையும் சுத்தும். நான் என்ன பண்ணேன்னா, சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி சைட்ல ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ், மலாயா ட்ரிப்யூன் ரெண்டுலயும் மொதல்ல தேடி, நாதன மே மாசம் அரெஸ்ட் பண்ண சேதி, பட்டாளம் எறங்குன சேதி எல்லாத்தோட தேதியையும் குறிச்சுக்கிட்டு, அப்புறமா அந்தந்த தேதிக்குத்தான் நேசன் ரீல ஓட்டுனேன். பாதி வேல மிச்சம்! அங்க கிள்ளான் துறைமுகத்தத் தேடும்போது போர்ட் கிளாங்னு அடிக்காதீங்க, 1972 வரைக்கும் அது போர்ட் சுவெட்டன்ஹாம்தான். சாரங்கபாணி ஆரம்பிச்ச சிங்கப்பூர் பத்திரிகை தமிழ் முரசும் அதே சைட்லதான் இருக்கு, ஆனா தமிழ்ல அடிச்சுத் தேடுறத ரொம்ப நம்பாதீங்க, பழைய அச்செழுத்த கம்ப்யூட்டர் தப்புத் தப்பா படிக்குது, தேதியப் புடிச்சு பக்கம் பக்கமா பாக்குறதுதான் நல்லது.

கிட்டத்து வருசத்து இதழ்னா ஜாலான் துன் ரசாக்ல இருக்குற பெர்புஸ்தாகான் நெகாராவுல (மலேசிய தேசிய நூலகம்) மொதல்ல கேளுங்க, 1986 சட்டப்படி பத்திரிகை போடுறவங்க அங்க காப்பி குடுத்தே ஆகணும். எங்க போனாலும் ஐசி (அடையாள அட்டை), பென்டிரைவ், ஒரு சுவெட்டர் எடுத்துக்குங்க, ஏர்கோன் அப்படி. ஸ்க்ரீன போன்ல படம் புடிச்சா கோடு கோடா விழும், மெஷின்லயே ஸ்கேன் இருக்கான்னு கேட்டுக்குங்க லா.