வௌவாலுக்கு வலை கட்டாதீர்கள்

பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் டுரியான் பழத்தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்ப்பவனுக்குப் பூ சீசனில் காலையில் காதில் விழுவது வௌவாலுக்கு விழும் திட்டுதான். மரத்தடி முழுக்க இதழும் மகரந்தத் தண்டும் வெள்ளை வெளேரென்று கொட்டிக் கிடக்கும். "பாருங்கண்ணே, ராத்திரி வந்து அத்தனையும் உதிர்த்துட்டுப் போயிருச்சு, வலை கட்டித் தடுக்கணும்" என்பார்கள் பையன்கள். நான் கிளையைப் பார்க்கச் சொல்வேன். டுரியான் பூ பிற்பகலில் விரியத் தொடங்கும். இரவிலேயே இதழும் தண்டும் தானாக உதிர்ந்துவிடும். சூலகமும் அதிலிருந்து நீளும் சூல்தண்டும் கிளையிலேயே நிற்கும், காயாவது அந்தச் சூலகம்தான். கீழே கிடப்பது வேலை முடிந்த சரக்கு. நெத்திலி போட்டுப் பிரட்டினால் சோற்றுக்கு நன்றாகவே இருக்கும்.

வௌவால் வராவிட்டால்தான் நமக்கு நட்டம். ஒரு மரத்து மகரந்தத்தை இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோவது அதுதான். டுரியானில் பெரும்பாலான ரகங்கள் சொந்த மகரந்தத்தில் சரியாகக் காய் பிடிப்பதில்லை. ஒட்டுக்கட்டி வளர்த்த ஒரே ரகத்தில் நூறு மரம் இருந்தாலும் மரபுப்படி அது ஒரே மரம். பக்கத்து மரத்து மகரந்தமும் சொந்த மகரந்தக் கணக்கில்தான் சேரும். 1993-ல் டி197 என்று பதிவான மூசாங் கிங் ரகத்துக்கு விலை ஏறிய பிறகு, தோட்டம் முழுக்க அதையே போடச் சொல்லும் தவுக்கேக்கள், அதாவது முதலாளிகள், பெருகிவிட்டார்கள். எங்கள் தவுக்கேயும் பழைய கம்பத்து (நாட்டு ரக) மரங்களை வெட்டச் சொன்னார். விதையில் முளைத்த அவை ஒவ்வொன்றும் தனித்தனி மரபு. பழம் மலிவாகப் போனாலும், அவற்றின் மகரந்தம் இல்லாமல் மூசாங் கிங் காய்ப்பது சிரமம்.

"மகரந்தத்தைப் பிரஷ்ஷால் தடவிக்கலாமே?" என்றார் தவுக்கே. தடவலாம், தடவுகிறவர்களும் உண்டு. உயரமான கிழட்டு மரத்தில் ராத்திரி ஏணி வைத்து ஏறப்போவது அவரில்லை.

டுரியான் பூப்பது வருடத்தில் சில வாரங்கள். மற்ற நாளெல்லாம் தேன் குடிக்கும் குகை வௌவால் எங்கே போகும்? வாழைப்பூ, பெத்தாய் மரத்துப் பூ, அப்புறம் ஆற்றோரத்துப் பெரெம்பாங். இந்த அலையாத்தி மரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பல மாதம் பூக்கும். பூ அந்தியில் விரிந்து விடியலில் உதிர்ந்துவிடும். பத்துமலை இருட்டுக் குகையில் கூட்டமாகத் தங்குவதும் இதே இன வௌவால்தான், ஒரே இரவில் பல கிலோமீட்டர் பறந்து தேன் தேடும். அதனால் இறால் குளத்துக்கோ வீட்டு மனைக்கோ பெரெம்பாங்கை வெட்டினால் பாதிப்பு மலைச்சரிவுத் தோட்டம்வரை வரும். 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே அலையாத்தி என்றாலே அலைத்தடுப்பு என்றுதான் பேச்சு. டுரியான் கூட்டங்களில் அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

வேலியோரக் கம்பத்து மரங்களை விட்டுவைக்கத் தவுக்கே ஒத்துக்கொண்டார். வலை விஷயத்தில்தான் இழுபறி. ரம்புத்தான் மரத்துக்கு வேண்டுமானால் பழம் பழுக்கிறபோது கட்டுங்கள், டுரியான் மொட்டு விடும்போது அவிழ்த்துவிடுங்கள் என்கிறேன். அடுத்த வெயில் காலத்தில் டுரியான் மொட்டு விடுவதற்குள் இதைப் பேசி முடித்தாக வேண்டும்.